கண் டொக்டர் இல்லாத கிளினிக்கில் கண் பரிசோதனை: சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் வடக்கே, வன்னியில், துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருக்கும் ஒருவர் தன் கண்ணின் உட்புறத்தை ஒரு கண் வைத்திய நிபுணரிடம் காட்டுவதென்றால் வழக்கமாக ஒரு முழு நாள் போய்விடும். விடியற்காலை பஸ், துண்டு எடுக்க வரிசை, கண்ணுக்கு மருந்து விட்டுக் காத்திருப்பு, பிறகு மங்கிய பார்வையோடு திரும்பிய பயணம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளமும் இல்லை. கண் நன்றாகத் தெரியும்போது இத்தனை பாட்டையும் யாரும் படமாட்டார்கள். தெரியாமல் போன பிறகுதான் புறப்படுகிறார்கள். நீரிழிவால் வரும் விழித்திரை நோயில் அது பெரும்பாலும் பிந்திய நேரம்.

இந்தப் பயணத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுதான் தொலைக் கண் பரிசோதனை. சீனிக்குக் குளிசை எடுக்க வரும் அதே கிளினிக்கில், பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் விழித்திரையைப் படமெடுப்பார். படங்கள் வேறோர் ஊரில் இருக்கும், படம் வாசிக்கத் தெரிந்தவருக்குப் போகும். யாருக்கு நிபுணர் வேண்டும், யார் அடுத்த வருடம் வந்தால் போதும் என்று அவர் எழுதி அனுப்புவார். கண் டொக்டர் கிளினிக்கில் இருக்க வேண்டியதில்லை, படம் எடுக்கும் நேரத்தில் இணைய இணைப்புக்கூட இருக்க வேண்டியதில்லை.

இதனால் எவ்வளவு பயன் என்பதற்கு ஒரு கணக்கு. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் விழித்திரைப் பாதிப்பு உண்டு. பார்வைக்கே ஆபத்தான நிலை பத்தில் ஒருவருக்கு. அதை அப்படியே ஒரு கிளினிக்கில் வைத்துப் பார்த்தால், வரும் 30 பேரில் 10 பேருக்குப் பாதிப்பு, 3 பேருக்கு அவசரம். அந்த மூவரும் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டாலும் மூவருமே "கண் வடிவாத் தெரியுது" என்று சொல்லக்கூடும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலமாக இருப்பது விழித்திரை. பார்ப்பது அங்கேதான். அதற்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுபோவது தலைமுடியிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சீனி வருடக்கணக்கில் கூடியிருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் பலம் இழக்கும். இரணைமடு வாய்க்காலின் கட்டு உக்கினால் வரும் இரண்டு கெடுதலும் இங்கேயும் வரும்: தண்ணீர் நிற்கக்கூடாத இடத்தில் கசிந்து நிற்கும், கடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது.

கசிவு, விழித்திரையின் நடுப்புள்ளியில் நடந்தால் அந்த இடம் வீங்கும். வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அந்த நடுப்புள்ளியின் வேலை, ஆகவே அவை கெடும். மற்றக் கெடுதல் இன்னும் மோசம். இரத்தம் போகாத பகுதி, ஒட்சிசன் வேண்டும் என்று வேதியியல் சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்டுப் புதிய குழாய்கள் முளைக்கும். அவை உறுதியற்றவை. ஒருநாள் வெடித்து கண்ணுக்குள் இரத்தம் பரவும், அல்லது தழும்பாகி விழித்திரையைப் பின்சுவரிலிருந்து இழுத்துக் கழற்றும்.

இவ்வளவும் வலி இல்லாமல் நடக்கும். நடுப்புள்ளி தப்பியிருக்கும் வரை பார்வையும் குறையாது, ஒரு கண்ணில் குறைந்தாலும் மற்றக் கண் சமாளித்துவிடும். புதுக்குழாய் முளைத்த நிலையில்கூட ஒருவர் பார்வை அட்டையின் கடைசி வரி வரை வாசிக்கலாம். ஆகவே பார்வை நன்றாக இருப்பதை விழித்திரை நன்றாக இருப்பதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

மாறாக, சில கிழமைகளாகப் பார்வை ஒருநாள் தெளிவாகவும் ஒருநாள் மங்கலாகவும் இருந்தால் விழித்திரைக்கு முன் சீனியைப் பாருங்கள். சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை தண்ணீர் பிடித்து வடிவம் மாறும், அதனால் கண்ணாடி நம்பரும் மாறும். சீனி கட்டுக்குள் வந்து சில கிழமைகள் நிலைத்த பின் கண்ணாடி செய்வது நல்லது. அவசரப்பட்டுக் கடையில் செய்த கண்ணாடி அடுத்த மாதமே பொருந்தாமல் போகும்.

யாருக்கு, எப்போது

இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது வயதுவந்தவர்களுக்குப் பொதுவாக வருவது, கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே முதல் பரிசோதனை. வருத்தம் பிடிபடுவதற்குச் சில வருடங்கள் முன்பே அது உடம்பில் இருந்திருக்கும் என்பதால் காத்திருக்க நியாயமில்லை. சிறுவயதில் வந்து இன்சுலினிலேயே வாழும் முதலாம் வகையினருக்கு, கண்டுபிடித்து ஐந்து வருடத்திலிருந்து. அதன் பின் இரு சாராருக்கும் வருடத்துக்கு ஒருமுறை.

கர்ப்பிணிகளில் ஒரு வேறுபாடு உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தவருக்கு, கர்ப்பத்தில் விழித்திரை நோய் வேகமாக முற்றலாம். ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறையும், ஏறத்தாழ 28ஆவது கிழமையில் இன்னொருமுறையும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் சீனி ஏறியவருக்கு இது தேவையில்லை. சிறுநீரில் புரதம் போவதாகச் சொல்லப்பட்டவர்கள் வருடப் பரிசோதனையை ஒருபோதும் தவறவிடக் கூடாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் விழித்திரையின் நுண்குழாய்களும் பெரும்பாலும் சேர்ந்தே கெடுகின்றன.

திடீரென்று ஒரு கண் இருண்டால், கறுப்புப் புள்ளிகள் மழையாகக் கொட்டினால், திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தால் கமரா வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். படப் பரிசோதனை, கண்ணில் குறை தெரியாதவர்களுக்கானது.

கிளினிக்கில் நடப்பவை

முதலில் பதிவு. கிளினிக் இலக்கம், நீரிழிவு எத்தனை வருடம், பிறசர் உண்டா, கடைசியாகக் கண் பார்த்தது எப்போது, கண்ணில் சத்திரசிகிச்சையோ லேசரோ காயமோ உண்டா. கடைசிக் கேள்வியை வன்னியில் மேலோட்டமாகக் கேட்கக் கூடாது. போர்க்காலத்தில் செல் துண்டு பட்ட பழைய காயம் விழித்திரையில் விட்ட தழும்பு, படத்தில் நீரிழிவுத் தழும்பாகத் தோன்றலாம். ஏற்கனவே ஒரு கண்ணை இழந்தவருக்கு மற்றக் கண்ணில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே நிபுணரிடம் அனுப்ப வேண்டும், அவருக்கு 'பிறகு பார்ப்போம்' என்ற இடமே இல்லை. இதைக் கிளினிக் கொப்பியில் முன்பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. படம் வாசிப்பவர் ஆளைப் பார்க்கப் போவதில்லை, எழுதியது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அடுத்து பார்வை அளவு. அட்டை 6 மீற்றர் தூரத்தில், ஒவ்வொரு கண்ணாக. தூரத்துக் கண்ணாடி உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும், வாசிப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். 6/12 என்று எழுதினால், நல்ல கண் 12 மீற்றரில் வாசிப்பதை இவர் 6 மீற்றரில்தான் வாசிக்கிறார் என்று பொருள். இங்கே நடக்கும் பிழை சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது: விரல்களால் கண்ணைப் பொத்தினால் இடுக்கால் தெரியும். உள்ளங்கையாலோ மட்டையாலோ மறைக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு கிடந்தும் நிமிர்ந்தும் திரும்பியிருக்கும் குறிகள் உள்ள அட்டை இருக்கிறது, கையால் திசை காட்டினால் போதும். 6/12க்குக் கீழே இருந்தால் ஊசித்துளை அட்டையால் மீண்டும் பாருங்கள். துளையூடே பார்வை கூடினால் பெரும்பாலும் கண்ணாடிக் குறை. கூடாவிட்டால் படம் நல்லதாக இருந்தாலும் நிபுணரிடம் போக வேண்டியவர்.

பிறகு கண்மணியை விரிக்கும் துளி மருந்து. பெரும்பாலும் ட்ரொப்பிக்கமைட், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி. சில வினாடிகள் எரியும். விட்டதும் மூக்கோரத்தில் கண்ணின் மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் வடிந்து போகாது. கண்மணி விரிய 15 முதல் 20 நிமிடம் வேண்டும். எங்கள் சனத்தின் கறுத்த கண்களில் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். நீண்ட நாள் நீரிழிவில் கண்மணி விரிக்கும் நரம்பும் சோர்ந்திருக்கும், அதனால் சிலருக்கு இரண்டாம் துளி தேவைப்படும். 5 நிமிடத்தில் கூப்பிட்டுப் படமெடுக்கத் தொடங்குவதுதான் கிளினிக்குகளில் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து நேரத்தை வீணாக்கும் வழி. திறந்த போத்தலில் திகதி எழுதி, 28 நாளில் எறிந்துவிட வேண்டும். யன்னல் ஓரத்து வெயிலில் வைக்க வேண்டாம்.

விரிக்காமலே படமெடுக்கக்கூடிய கமராக்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் இருட்டில் கண்மணி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அளவுக்குத் தானாக விரிய வேண்டும். வயது 60 தாண்டியவர்களில் பலருக்கு அது நடக்காது, கண்புரையும் சேர்ந்திருந்தால் படம் பனிமூட்டமாகத்தான் வரும். நம் கிளினிக்குகளுக்கு வருபவர்களின் வயதைப் பார்த்தால், துளி விட்டு எடுப்பதே புத்தி. அதற்கு விலை, 4 முதல் 6 மணி நேர மங்கல். அன்று மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, துவிச்சக்கர வண்டிகூட வேண்டாம். தொப்பியோ குடையோ கொண்டுவரச் சொல்லுங்கள், வெளியே வெயில் கண்ணைக் குத்தும். மிக அரிதாக, அன்று மாலையோ இரவோ கண் சிவந்து கடுமையாக வலித்து, தலையிடியும் சத்தியும் வந்தால் கண்ணின் அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே வைத்தியசாலை.

நாளின் ஒழுங்கும் கணக்கில் வர வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வந்தவரை, சாப்பிட விடாமல் துளி விட்டு இருத்தக் கூடாது. இரத்தம், காலைச் சாப்பாடு, பிறசர், பார்வை அட்டை, துளி, குளிசை வரிசை, படம் என்று அடுக்கினால் துளி வேலைசெய்யும் 20 நிமிடம் மருந்து வரிசையில் கழிந்துவிடும்.

படம் எடுப்பது

அறை இருட்டாக வேண்டும். யன்னலில் கறுப்புத் துணி போதும். மேசைக் கமராவில் நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியை முன்பட்டியில் ஒட்டி, உள்ளே தெரியும் வெளிச்சப் புள்ளியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு படம்: ஒன்றில் பார்வையின் நடுப்புள்ளி மையத்தில், மற்றதில் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டம் மையத்தில். ஒவ்வொன்றும் 45 பாகை அகலம். ஆக ஆளுக்கு நான்கு படம். இங்கிலாந்தின் தேசியத் திட்டம் பின்பற்றுவதும் இந்த நான்கைத்தான். 2003இல் ஆரம்பித்த அந்தத் திட்டத்துக்குப் பின், 2009–10 காலத்துத் தரவில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலைசெய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற் காரணமாக இருந்த இடத்திலிருந்து நீரிழிவுக் கண் நோய் இறங்கியது. சீனி, பிறசர் கட்டுப்பாடு மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

எப்போதும் வலது கண் முதலில். இதை ஒரு சடங்காகவே வைத்துக்கொண்டால்தான் வலது இடது மாறாது. மாறினால் லேசர் தேவையில்லாத கண்ணை முதலில் சோதிக்கும் வீண்வேலை வரும். படம் எடுக்கும் கணத்துக்கு முன் இரண்டு தரம் கண் சிமிட்டச் சொல்லுங்கள், கண்ணீர் சமமாகப் பரவி மேற்பரப்புத் தெளியும். இமை தொங்கியிருந்தால் பஞ்சால் மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள். துளி விடாமல் எடுப்பதானால் ஒரு பிளாஷுக்குப் பின் கண்மணி சுருங்கிவிடும், அடுத்த படத்துக்குச் சில நிமிடம் இருட்டில் இருத்த வேண்டும்.

ஆளை எழுப்ப முன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியைச் சுற்றிப் போகும் மிக மெல்லிய குழாய்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஏன் என்று படமே சொல்லும். ஓரத்தில் பிறை வடிவில் கறுப்பு விழுந்தால் கண்மணி போதாது, அல்லது கமரா மையம் விலகியிருக்கிறது. சுற்றிவர வெளிறிய புகை வளையம் இருந்தால் தூரம் பிழை, கமரா கூடக் கிட்டவோ எட்டவோ நிற்கிறது. கீழே ஒளிக்கீற்றாக வந்தால் இமைமயிர். முழுப்படமும் ஒரே சீராக மங்கினால் கண்புரை. இதைக் கமராவால் திருத்த முடியாது, அந்த ஆளைக் கண் பிரிவுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, வன்னியில் விசேடமாகப் பார்க்க வேண்டியது: தூசி. வரண்ட காலத்தில் செம்மண் புழுதி எல்லாவற்றிலும் படியும். வில்லையில் ஒட்டிய ஒரு துகள், படத்தில் சின்னக் கறுப்புப் பொட்டாக விழுந்து இரத்தக்கசிவாகத் தெரியலாம். பிரித்தறிவது எளிது. அடுத்தடுத்த இரண்டு பேரின் படத்தை அருகருகே வைத்தால் தூசி அதே இடத்தில் அப்படியே நிற்கும், நோய் இடம் மாறும். காற்றூதியால் ஊதி, வில்லைக்கென்றுள்ள தாளால் துடைக்க வேண்டும், சேலைத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ அல்ல. குளிரூட்டிய அறையிலிருந்து கைக் கமராவை நேரே வெக்கையான கூடத்துக்குக் கொண்டுபோனால் வில்லையில் ஈரம் படியும். பத்துப் பதினைந்து நிமிடம் பழக விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படத்தை அனுப்புவது

இங்கேதான் பல நல்ல ஏற்பாடுகள் சறுக்குகின்றன. காரணம், வட்ஸ்அப்.

விழித்திரை நோயின் முதல் அடையாளம் குழாய்ச் சுவரில் முளைக்கும் நுண்ணிய வீக்கம். ஒன்றின் அகலம் 50 மைக்கிரோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பாகைப் படம் விழித்திரையில் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் அகலத்தை மூடும். படத்தின் அகலம் 2000 பிக்சல் என்றால் அந்த வீக்கத்துக்குக் கிடைப்பது 7 அல்லது 8 பிக்சல். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி அமுக்கி அனுப்பும், அந்த ஏழெட்டுப் பிக்சல் மூன்று நான்காகிக் கரைந்துபோகும். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நோய் மட்டும் அதில் இருக்காது. வேறு வழியே இல்லாமல் அதில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்ப வேண்டும். நோயாளியின் பெயரை விட்டு, கிளினிக் இலக்கத்தை மட்டும் வைக்க வேண்டும். நிரந்தர ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பான தரவேற்றத் தளமே சரி, தனிப்பட்ட போனில் சனத்தின் கண் படங்கள் கிடப்பது நல்லதல்ல.

அளவுக் கணக்கு பெரிதில்லை. நான்கு படம் 10 மெகாபைட் என்றால் 30 பேருக்கு 300 மெகாபைட். தரவேற்ற வேகம் வினாடிக்கு 1 மெகாபிட்டாக இருந்தாலும் 40 நிமிடம். சிக்னல் விழாத கிராமத்தில் எடுத்ததை மாலையில் ஏ9 வீதிக்கு வந்து அனுப்பலாம். எடுத்துச் சேமித்துப் பின்னர் அனுப்பும் முறை என்பதால் மின்வெட்டும் இணையத் தடங்கலும் பெரிய தடையில்லை. சென்னையின் சங்கர நேத்ராலயா 2003இல் பேருந்தில் கருவி ஏற்றிக் கிராமங்களுக்குப் போனபோது இஸ்ரோவின் செய்மதி இணைப்புத் தேவைப்பட்டது. இன்று ஒரு சாதாரண சிம் போதும். ஆனால் தரவேற்றம் முடிந்தது என்பதை எண்ணிச் சரிபார்க்க வேண்டும்: பதிவில் 30 பேர், தளத்தில் 120 படம். 116 இருந்தால் ஒருவரின் கண் எங்கோ தொங்கி நிற்கிறது.

முடிவு வரும்போது

வாசிப்பவர் ஒவ்வொரு கண்ணையும் ஐந்து நிலைகளில் ஒன்றில் வைப்பார்: பாதிப்பு இல்லை, இலேசானது, நடுத்தரம், கடுமையானது, புதுக்குழாய் முளைத்த நிலை. அதற்கு வெளியே, நடுப்புள்ளியில் வீக்கம் உண்டா என்பது தனிக் கேள்வி. எந்த நிலையிலும் அது வரலாம்.

பாதிப்பு இல்லை, அல்லது நுண்வீக்கங்கள் மட்டும் உள்ள இலேசான நிலை என்றால் ஒரு வருடத்தில் மீண்டும் படம். நடுத்தரத்திலிருந்து நிபுணரிடம் அனுப்ப வேண்டும். கடுமையான நிலைக்கு மூன்று மாதத்துக்குள், புதுக்குழாய்க்கு ஒரு மாதத்துக்குள் என்பது சர்வதேச வழிகாட்டல். புதுக்குழாயில் அந்த ஒரு மாதத்தை எல்லையாகப் பாருங்கள், இலக்காகப் பார்க்க வேண்டாம். கண்ணுக்குள் இரத்தம் தெரிந்தால் நாட்கணக்கு.

ஒரு படத்தைக் கிட்டப் பார்ப்போம். முத்தையன்கட்டுப் பக்கத்து 58 வயது விவசாயி ஒருவர், நீரிழிவு ஒன்பது வருடம், இரண்டு கண்ணும் 6/6 என்று வைத்துக்கொள்வோம். வலது படத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் நான்கைந்து. இடது படத்தில் அதோடு மஞ்சள் படிவுகள், விளிம்பு கூரான சின்னத் திட்டுகள், நடுப்புள்ளிக்குக் கிட்ட அரைவட்டமாக. இவை கசிந்த கொழுப்பு. அவை நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க அளவுகோல் படத்திலேயே இருக்கிறது: பார்வை நரம்பு வட்டத்தின் விட்டம், ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர். படிவு அந்தத் தூரத்துக்குள் வந்தால் வீக்கம் இருக்கலாம் என்று கொண்டு அனுப்ப வேண்டும். தட்டைப் படத்தில் வீக்கத்தின் தடிப்புத் தெரியாது, அதை அளக்க ஓசிடி என்ற வேறொரு ஸ்கான் தேவை. இவர் 6/6 வாசிக்கிறார், தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் இந்தப் பரிசோதனை தேடுவது இவரைத்தான்.

இனி மிக முக்கியமான விதி. தெளிவில்லாத படத்துக்கு 'நோர்மல்' என்று முடிவு எழுதக் கூடாது. 'வாசிக்க முடியவில்லை' என்பது ஒரு தனி முடிவு, அது வந்தால் துளி விட்டு மீண்டும் எடுக்க வேண்டும், அப்போதும் முடியாவிட்டால் நேரே கண் பிரிவு. படம் தெளியாததற்குக் காரணமே பெரும்பாலும் கண்புரையோ கண்ணுக்குள் இரத்தமோ ஆகையால், வாசிக்க முடியாத கண்களில் நோய் கூடுதலாக இருக்கும், குறைவாக இருக்காது.

'நோர்மல்' என்ற முடிவுக்கும் எல்லை உண்டு. கண் அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. விழித்திரையின் தொலை ஓரங்களைப் படம் பிடிக்கவில்லை. ஆகவே கண் அழுத்தத்தோடு வரும் குளுக்கோமா நோய்க்கு மருந்து விடுகிறவர் தன் வழக்கமான கண் கிளினிக்கை இதற்காக நிறுத்தக் கூடாது.

கணினியே படத்தை வாசிக்கும் முறையும் வந்துவிட்டது. வைத்தியர் பார்க்காமல் தானே முடிவு சொல்லும் முதல் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. நன்றாகவே வேலைசெய்கிறது, படம் நன்றாக இருந்தால். தாய்லாந்தின் கிராமப்புறக் கிளினிக்குகளில் இப்படியொரு மென்பொருளைப் பயன்படுத்தியபோது, எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை, வெளிச்சம் சரியில்லாதது போன்ற காரணங்களால், அது வாசிக்க மறுத்தது, இணைய வேகமும் இழுத்தடித்தது. மென்பொருள் வாங்குவதற்கு முன் கறுப்புத் துணி வாங்குங்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா?

படமும் முடிவும் சரியாக வந்து, ஆள் போகாவிட்டால் நடந்ததெல்லாம் வீண். அதனால் கிளினிக்கில் ஒரு தனிக் கொப்பி வேண்டும். அனுப்பப்பட்டவர், எந்த வைத்தியசாலைக்கு, எந்தத் திகதிக்குள், போனாரா, என்ன செய்தார்கள். இரண்டு கிழமையில் ஒரு தொலைபேசி அழைப்பு. சிம் மாற்றுவது சாதாரணம் என்பதால் மகன் அல்லது மகளின் இலக்கத்தையும், அயல்வீட்டு இலக்கத்தையும் சேர்த்து வாங்குவது நல்லது. முடிவை நோயாளிக்கு வாயால் மட்டும் சொல்லாமல் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாள் குறிப்பதிலும் ஊரைப் பார்க்க வேண்டும். பெரும்போக அறுவடை நேரத்தில் போட்ட நாளுக்கு ஆண்கள் வரமாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் முல்லைத்தீவில் யாருமே வரமாட்டார்கள். திட்டம் தோற்றது என்று அறிக்கை எழுத முன் நாட்காட்டியைப் பார்க்கலாம்.

கடிதத்தில் போகுமிடத்தைத் தெளிவாக எழுத வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலையா, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையா, எந்தக் கிழமை கண் கிளினிக் என்பதை அனுப்புகிறவர் முதலில் கேட்டறிந்து எழுதினால், கிளிநொச்சியிலிருந்து 65 கிலோமீற்றர் போய் 'இன்றைக்குக் கிளினிக் இல்லை' என்று திரும்புவது நடக்காது. அப்படி ஒருமுறை திரும்பியவர் இரண்டாம் முறை போவது அரிது.

அங்கே என்ன செய்வார்கள்

சீனியையும் பிறசரையும் இறக்குவது எல்லா நிலைக்கும் பொது மருந்து. 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவில் பிறசரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரை நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கண்ணுக்காகப் பிறசர் குளிசை போடுவது பலருக்கு விநோதமாகப் படும், ஆனால் வேலை செய்கிறது.

புதுக்குழாய்க்கு லேசர். துளி விட்டு, ஒரு வில்லையைக் கண்ணில் ஒட்டி, விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகள் வைப்பார்கள். வழக்கமாக இரண்டு மூன்று முறை போக வேண்டும். ஒட்சிசன் கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் பகுதி அடங்கியதும் புதுக்குழாய்கள் சுருங்கும். இந்தச் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்பது 1976இலேயே அமெரிக்க ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. ஆனால் போன பார்வையை லேசர் மீட்காது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையவும் கூடும். இதை முன்பே சொல்லாவிட்டால் "லேசர் அடிச்சுத்தான் கண் போச்சு" என்ற கதை ஊரில் பரவும், அடுத்து அனுப்பும் பத்துப் பேரும் போகமாட்டார்கள்.

நடுப்புள்ளி வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி. கேட்கப் பயமாக இருக்கும், மரக்கச்செய்து போடுவதால் அழுத்தம் மட்டுமே உணரப்படும். ஆரம்பத்தில் மாதம் ஒன்று, சில மாதங்களுக்கு. நடுவில் நிறுத்தினால் வீக்கம் திரும்பும், ஆகவே முதல் ஊசிக்கு முன்பே பஸ் செலவுக்கும் கூட வரும் ஆளுக்கும் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்குள் கண் வலித்துச் சிவந்து பார்வை மங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அடுத்த திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும்.

போகும் நாளில் கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, அனுப்பிய கடிதம், பாவிக்கும் குளிசைகள் எல்லாம், கண்ணாடி, சாப்பாடு, கூட ஒரு ஆள். லேசர் என்றாலும் ஊசி என்றாலும், வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், காலைச் சாப்பாட்டையும் வழமையான குளிசையையும் இன்சுலினையும் விடாமல் எடுத்துக்கொண்டே போகலாம். வெறும் வயிற்றோடு போய் வரிசையில் சீனி இறங்கி மயங்குபவர்கள் ஒவ்வொரு கண் கிளினிக்கிலும் இருக்கிறார்கள்.